ராகிக் கதிர் மேல் அடித்த மருந்து

வண்டி ஏறினால் மணி உதிரும் என்று இன்று காலை மொரப்பூர் ரோட்டில் ராகிக் கதிரைப் பரப்பியிருந்தோம். ஊரில் வைரஸ் காய்ச்சல் என்பதால் கிருமி மருந்து அடிக்க ஓர் ஆள் வந்தார். ரோட்டோடு சேர்த்துக் கதிரையும் நனைத்துவிட்டார்.

என் மனைவி கத்தினாள். “யோவ், காய்ச்சல்காரங்க எல்லாம் வூட்டுக்குள்ள படுத்திருக்காங்க. ராகிக்கா காய்ச்சல்?”

“ரோடு பூரா அடிக்கச் சொல்லி மேல இருந்து உத்தரவுங்க.”

“இனி இதத் திங்கலாமா?”

“கழுவிட்டுத் தின்னுங்க ஆத்தா, ஒண்ணும் ஆவாது.”

போன மாதம்தான் முதியோர் வகுப்பில் படித்து முடித்தேன். அவர் கீழே வைத்திருந்த மருந்துக் கேனைத் திருப்பி, எழுத்துக் கூட்டி, தெருவுக்கே கேட்கும்படி படித்தேன்: “உணவுப் பொருள் மீது படக் கூடாது.”

அவ்வளவு கோபத்திலும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. ஓர் எழுத்துக்கூடத் தப்பவில்லை.

“அதெல்லாம் யாருங்க படிக்கிறாங்க?” என்றவர், முகக்கவசத்தை இறக்கி என் முகத்துக்கு நேராக இருமினார். “மூணு நாளா எனக்கும் காய்ச்சலுங்க. லீவு தர மாட்டேங்கறாங்க.”

காய்ச்சல்காரரை ஊர் ஊராக அனுப்பித் தார் ரோட்டுக்கு வைத்தியம் பார்க்கிறார்கள்.

வீணான ராகி ஒரு மூட்டை தேறும். உத்தரவு போட்டவர் வீடு தெரிந்தவர்கள் கீழே எழுதுங்கள். களி கிண்டி நானே கொண்டு போய்க் கொடுக்கிறேன்.