சிவலட்சுமிக்குக் கூட்டி எழுதிய நாலு வயது

சிவலட்சுமியை வயதைச் சொல்லி மூலையில் இருத்தப் பார்த்தார்களே, அந்த அநியாயத்தை யாரிடம் போய்ச் சொல்வது! மல்லாவியிலிருந்து நாலு கட்டை தூரம், நாலு மைல், உள்ளே இருக்கிற அந்தக் குடியேற்றத்தில் மாதர் சங்கம் என்றால் சிவலட்சுமிதான். ஒன்பது வருடமாகத் தலைவி. முல்லைத்தீவில் அரசாங்கக் கச்சேரிக்கு முதல் பஸ்ஸில் போய், அதிகாரி வரும்வரை வாங்கில் பலகையில் குந்தியிருந்து, கையெழுத்து வாங்காமல் திரும்பாத மனுஷி. முன்பள்ளிக்குச் சுவர் எழும்பியது அப்படித்தான். கூரை மட்டும் பாக்கி. பிள்ளைகள் தார்ப்பாயின் கீழே வெந்துகொண்டிருந்தார்கள். இன்னும் ஒரு முறை தலைவியாக வந்தால் கூரையையும் போட்டுவிடுவேன் என்று காண்கிறவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள்.

போன மாதக் கூட்டத்தில் செயலாளர் கஜனி எழும்பினாள். முப்பத்தெட்டு வயது, கெட்டிக்காரி. பொல்லாதவள் என்று சொல்ல முடியாது.

"சிவலட்சுமியம்மா, கோவிக்காதேங்கோ. இப்ப படிவமெல்லாம் போனிலதான் நிரப்ப வேணும். நீங்களும் எவ்வளவு காலந்தான் பஸ்ஸில இடிபடுறது? கொஞ்சம் ஆறி இருங்கோவன். அறுபத்தஞ்சு ஆன ஆக்கள் தலைவிக்கு நிக்கிறேல்லை எண்டு ஒரு முடிவெடுப்பம்."

கைகள் உயர்ந்தன. தீர்மானம் நிறைவேறியது. அடையாள அட்டையின்படி சிவலட்சுமி பிறந்தது 1960இல். இந்த வருடம் சரியாக அறுபத்தைந்து. யாரை மனதில் வைத்து அந்த இலக்கம் வந்தது என்று சொல்லவும் வேண்டுமா?

"போனில என்னத்தைக் கிழிக்கிறது? கூரைத் தகரம் போனுக்குள்ளால வருமோ?" என்று வீட்டுக்கு வந்து கொதித்தாள்.

யோசனை சொன்னது கடைசி மகள் நிரோஜா. அட்டையில் இருப்பது யாரோ உத்தேசமாகப் போட்ட வயதுதானே, அசல் பிறப்புப் பதிவை எடுத்துப் பார்த்தால் ஒரு வருடமாவது குறையாதா என்றாள். அதில் நியாயம் இருந்தது. எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் தேயிலைத் தோட்டத்து லய வீட்டை விட்டு, உடுத்த துணியோடு மாமாவின் கையைப் பிடித்துக்கொண்டு வன்னிக்கு வந்தவள் சிவலட்சுமி. தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. அடுத்த வருடம் ஆவணியில் கலியாணம். குடும்பங்களுக்குக் காணி கொடுக்கப் பெயர் எழுதினவரிடம், "புள்ளைக்குப் பதினெட்டு" என்றார் மாமா. அவள் தலையாட்டினாள். பள்ளிக்கூடத்தையே காணாதவள்; பிறந்தநாள் என்று ஒன்று இருப்பதே அவளுக்குத் தெரியாது. பிறகு வந்த அட்டைகளும் பதிவுகளும் அந்தப் பதினெட்டை வைத்துத்தான் எழுதப்பட்டன.

தோட்டத்தின் பெயரையும் தகப்பன் பெயரையும் பதிவாளர் அலுவலகத்தில் கொடுத்து இரண்டு கிழமை ஆனது. பதிவின் பிரதி கைக்கு வந்த அன்று, அலுவலக விறாந்தையிலேயே நிரோஜா துள்ளிக் குதித்தாள்.

"அம்மா! அறுபத்திநாலாம் ஆண்டு மாசி மாசம்! உங்களுக்கு அறுபத்தொண்டுதான்! தாராளமா நிக்கலாம்!"

"வேற ஆரோ சிவலட்சுமியா இருக்கும். வடிவாப் பார்."

நிரோஜா பார்த்துச் சொன்னாள். தகப்பன் பெயர் சரி. தாயின் பெயர் சரி. மூன்றாவது பிள்ளை என்று இருந்தது. மூத்தவர்கள் இரண்டு அண்ணன்மார். சந்தேகமே இல்லை, அவளேதான்.

சிவலட்சுமி சிரித்துக்கொண்டுதான் வாங்கிலில் இருந்தாள். இருந்தபடியே விரல் மடக்கினாள். அறுபத்திநாலு மாசி, எழுபத்தெட்டு ஆவணி. பதினாலில் விரல் நின்றது. பிழை விட்டிருப்பேன் என்று திரும்ப எண்ணினாள். மறுபடியும் பதினாலு.

"அடப் பாவிங்களா," என்றாள். நாற்பத்தெட்டு வருடம் வன்னித் தமிழ் பேசிய வாயில் தோட்டத்துப் பேச்சு திரும்பி வந்தது. "எனக்குப் பதினாலு வயசா? அந்தப் புள்ளைய நான் பதினஞ்சுலயா பெத்தேன்?"

அந்தப் பிள்ளை என்றால் தலைப்பிள்ளை. எழுபத்தொன்பதில் பிறந்து மூன்றாம் நாள் போய்விட்டது. பதினெட்டு முடிந்த குமரிக்கு ஒரு பிள்ளையை ஒழுங்காகப் பெற்றுக்கொடுக்க வக்கில்லையா என்று மாமியார் கேட்டாள், சாகும்வரை கேட்டாள். சிவலட்சுமியும் அதை நம்பினாள். பிறகு மூன்று பிள்ளை பெற்றும் நம்பிக்கொண்டுதான் இருந்தாள். தன்னுடைய உடம்பில்தான் ஏதோ கோளாறு, தன் கை ராசியில்லாத கை என்று, பேரப்பிள்ளைகளைக்கூட பிறந்து முப்பத்தொரு நாள் கழியாமல் கையில் வாங்காதவள். நாற்பத்தாறு வருடம்!

பஸ் வந்தது, போனது. அவள் எழும்பவில்லை. நிரோஜா தாளை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுத் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் இருந்தாள்.

தேர்தல் நாள். சங்கக் கட்டடம் நிறையப் பெண்கள். சிவலட்சுமி நேரே போய்க் கஜனியின் மேசையில் தாளை வைத்தாள்.

"உரத்து வாசி, பிள்ளை."

கஜனி வாசித்தாள். "அறுபத்தொண்டு... அப்ப நீங்கள் நிக்கலாம், அம்மா." அவளுக்கும் உள்ளபடியே சந்தோசம். பின்னால் இருந்தவர்கள் கை தட்டினார்கள்.

"முன்னுக்கு எண்ணினது போதும். இனிப் பின்னுக்கு எண்ணு. எனக்குக் கலியாணம் எழுபத்தெட்டு ஆவணி. தலைப்பிள்ளை செத்தது எழுபத்தொன்பது."

கஜனியின் உதடு அசைந்தது. சட்டென்று நின்றது. கை வாய்க்குப் போனது.

"உன்ர மகள் யதுர்ஷிகாவுக்கு எத்தினை வயது?"

"பதினாலு."

கைதட்டல் எப்போது ஓய்ந்தது என்று தெரியவில்லை.

"புருசன் பெஞ்சாதி ரெண்டு பேருக்கும் பதினெட்டு ஆனாத்தானாம் அண்டைக்குக் காணி. அதுக்காக எனக்கு நாலு வயதைக் கூட்டி எழுதிப் போட்டினம்," என்றாள் சிவலட்சுமி. "ஒரு ஆளாவது, பிள்ளை, உனக்கு மெய்யா எத்தினை வயது எண்டு என்னட்டக் கேட்டிருந்தா, என்ர குஞ்சு தப்பியிருக்கும். கேக்க வேண்டிய நாளில ஒருத்தரும் கேக்கேல்லை. இப்ப கூரை போட நிக்கிற கிழவியை மறிச்சு வச்சுக் கேக்கிறியள்."

கஜனி அழுதுகொண்டே கூட்டக் கொப்பியைப் புரட்டி, போன மாதத் தீர்மானத்தை வெட்டப் போனாள். சிவலட்சுமி அவள் கையைப் பிடித்தாள்.

"அதைப் பிறகு வெட்டலாம். முதல்ல என்ர பேரை எழுது. பக்கத்தில அறுபத்தொண்டு எண்டு போடு. ஒருக்காவாவது அதைச் சரியா எழுதிப்போட்டு, வாக்கை எடு."

கஜனி கண்ணைத் துடைத்துவிட்டு எழுதினாள்.