அண்ணன் பிடித்த குழாய்

மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு கல்யாண ஜோடியைப் படமெடுத்துக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. கட்சி அலுவலகத்திலிருந்து குமார் பேசினார். "அண்ணன் போயிட்டாருப்பா" என்றார். நான் வாய் திறப்பதற்குள், "படத்திறப்புக்கு ஒரு படம் வேணும். தனியா, நேரா பாத்துகினு, சிரிச்சா மாரி. நீ எடுத்ததெல்லாம் இங்க டிஸ்க்ல கீது, குடுத்தனுப்பறேன்" என்று சொல்லி வைத்துவிட்டார். குரலில் அவசரம் மட்டும்தான் இருந்தது.

அண்ணனை உங்களுக்குத் தெரியும். செங்கல்பட்டிலிருந்து கல்பாக்கம் வரை அவர் முகம் ஒட்டாத சுவர் உண்டா? அந்த முகங்களில் பாதிக்கு மேல் நான் எடுத்தவை. அதனால் நினைவஞ்சலி எழுத எனக்கும் உரிமை உண்டு. செத்தவரைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்ல வேண்டும் என்பார்கள். யோசித்துப் பார்த்தேன். எந்த நேரத்து வெயில் முகத்தில் நன்றாக விழும் என்று அவருக்குத் தெரியும், அந்த நேரத்துக்குச் சரியாக வந்துவிடுவார். எனக்கு அவ்வளவுதான் கிடைத்தது.

அவருக்கு ஒரு பழக்கம். யாருக்கு எதைக் கொடுத்தாலும் நான் எடுத்து முடிக்கும்வரை பொருளிலிருந்து கையை எடுக்கமாட்டார். வாங்குகிறவர் ஒரு பக்கம் பிடித்திருப்பார், இவர் மறுபக்கம். முகம் மட்டும் என் பக்கம். "இன்னா தம்பி, வுழுந்துச்சா?" என்பார். விழுந்துவிட்டது என்று நான் சொன்னால்தான் பிடியைத் தளர்த்துவார். ஒருமுறை காரில் போகும்போது கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்: "குடுக்கறது பெருசில்ல தம்பி. குடுத்தது தெரியணும்." ஏதோ உபதேசம் செய்துவிட்டது போல ஒரு பெருமூச்சு வேறு.

ஆஸ்பத்திரிக்கு நோயாளிகளைப் பார்க்கப் போனோம். ஆப்பிளும் சாத்துக்குடியும் நிரம்பிய பை ஒன்றே ஒன்று. முதல் கட்டிலில் கொடுத்தார், எடுத்தேன். பையைத் திரும்ப வாங்கி அடுத்த கட்டிலுக்குப் போனார். வார்டு முழுக்க அதே பைதான் சுற்றியது. கடைசிக் கட்டிலில் இருந்த பெரியவர் விவரமானவர். படம் விழுந்ததுமே பையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டார். அண்ணன் சிரித்த முகம் மாறாமல் இழுத்துப் பார்த்தார், பெரியவர் விடவில்லை. அந்த வேலையில் நான் மனசாரச் சிரித்தது அன்று ஒருநாள்தான்.

இனி செல்வி கதைக்கு வருகிறேன். நெம்மேலிக்குத் தெற்கே ஒரு குப்பம். கூப்பிடு தூரத்தில் கடல்நீரைக் குடிநீராக்கிச் சென்னைக்கு அனுப்புகிறார்கள், இவர்கள் கிணற்றுத் தண்ணீரோ உப்புக் கரிக்கும். ஒரு கோடையில் அண்ணன் தண்ணீர் லாரியோடு அங்கே போனார். பெண்கள் குடங்களோடு வரிசையில் நின்றார்கள். முதலில் நின்றவள் செல்வி, மீன் விற்பவள். கட்சிக்காரர்கள் சுற்றி வளைத்து நின்றதால் பின்னால் இருந்தவர்களுக்கு எதுவும் தெரியவில்லை. அண்ணன் லாரிக் குழாயை அவள் குடத்தின் மேல் பிடித்தார். வேட்டி நனையும் என்று வால்வைத் திறக்க வேண்டாம் என்றார்.

"தண்ணி எங்கண்ணா?" என்றாள் செல்வி.

"சிரிம்மா, மொதல்ல சிரி" என்றார், பல் தெரிய, என்னைப் பார்த்துக்கொண்டே.

அவள் சிரித்தாள். நான் எடுத்தேன். அவர் குழாயைக் கீழே போட்டுவிட்டுக் காரில் ஏறினார். லாரியும் அவர் பின்னாலேயே அடுத்த ஊருக்குக் கிளம்பிவிட்டது. பெண்கள் கொஞ்ச தூரம் குடத்தோடு ஓடிப் பார்த்தார்கள்.

நிகழ்ச்சி முடிந்ததும் கேமராவிலிருந்து கார்டைக் கழற்றி வாங்கிக்கொள்வது அவர்கள் வழக்கம். நாலு நாளில் பஸ் ஸ்டாப்பில் போஸ்டர் வந்தது. அதில் குழாயிலிருந்து நீல நிறத்தில் தண்ணீர் கொட்டுகிறது, செல்வியின் குடம் வழிகிறது. எல்லாம் கம்ப்யூட்டரில் வரைந்தது. அதைச் சொன்னால் குப்பத்தில் யார் நம்புவார்கள்? இவளுக்கு மட்டும் ஊற்றிவிட்டுப் போயிருக்கிறார்கள் என்று பேச்சாகிவிட்டது. செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குப் பெண்கள் சேர்ந்து எடுக்கும் வண்டியில் அவள் கூடைக்கு இடமில்லை என்றார்கள். அப்படிச் சொன்னவள் அவளுடைய நாத்தனார் வள்ளி.

செல்வி என் ஸ்டுடியோவுக்கே வந்தாள். "நீ எடுத்த படத்துல தண்ணி கீதா அண்ணாத்த?"

"இல்லம்மா."

"அப்ப அத்தக் குடு. எங்க வூட்டாளுங்ககிட்ட காட்டணும்."

என்னிடம் ஏது? அண்ணனிடம் போய்க் கேட்டேன். காது குடைந்துகொண்டே சிரித்தார். "நம்ம பக்கத்துல நின்னு ஊருக்கே தெரிஞ்ச மூஞ்சி ஆயிட்டா. சந்தோசப்படச் சொல்லு" என்றார். சீ என்று ஆகிவிட்டது. அத்தோடு அவர் வேலைக்குப் போவதை நிறுத்தினேன். செல்வி தனியாகக் கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிக்கொண்டிருந்தாள், அவர் சாகும்வரை.

குமார் டிஸ்க்கைக் கொடுத்தனுப்பினார். உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன். தையல் மெஷின், வேட்டி, புத்தகப் பை, பழப் பை. ஒரு படத்திலாவது தன் கையிலிருந்து வாங்குகிற மனிதரை அவர் பார்க்கவில்லை. படத்திறப்புக்கு அதனால் எதை வெட்டினாலும் சரியாக வரும். நான் குப்பத்துப் படத்தையே எடுத்தேன், அதில்தான் சிரிப்பு பெரிது. முகத்தை மட்டும் வெட்டி அனுப்பினேன். முழுப் படத்தைப் பெரிதாக ஒரு பிரிண்ட் போட்டேன்.

படத்திறப்பு அன்று என்னையும் பேசக் கூப்பிட்டார்கள். போகவில்லை, குப்பத்துக்குப் போனேன். செல்வி பிரிண்டை வாங்கி நேராக வள்ளி வீட்டு வாசலில் போய் நின்றாள். வள்ளி மீன் செதில் ஒட்டிய கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள். படத்தில் குழாயின் வாயை விரலால் தொட்டாள்.

"ஒரு சொட்டு கூட இல்லியேடி."

"அத்ததான சொல்லிகினு இருந்தேன்."

வள்ளி தலையை நிமிர்த்தவில்லை. "நாளைக்குக் கூடய எடுத்துகினு வா. வண்டில போலாம்" என்றாள்.

செல்வி படத்தைத் திரும்ப வாங்கி, குடத்தை ஒட்டி நெடுக்காகக் கிழித்தாள். தன் பாதியை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். மற்றதை என்னிடம் நீட்டினாள். "இந்த ஆளு எங்க வூட்டுக்கு வாணாம். நீயே வெச்சிக்கோ."

அண்ணனை அறிந்தவர்களே, அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பாதிதான். வெள்ளை வேட்டி, பல் தெரியும் சிரிப்பு, கையில் காய்ந்த குழாய். ஸ்டுடியோவில் வைத்திருக்கிறேன், வந்து பார்க்கலாம். தண்ணீர் வரைய மட்டும் யாருக்கும் கொடுக்கமாட்டேன்.