ஜெபக் குழுவுக்குப் போன சாவி

போன செவ்வாய்க்கிழமை காலையில், பாறசாலையில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து ஒரு ரகசியம் இருநூற்றுப் பதினான்கு பேருக்குப் போய்ச் சேர்ந்தது. அது எங்கள் ரகசியம்கூட இல்லை... ஒரு ஜவுளிக் கம்பெனியுடையது.

முதலிலிருந்து சொல்கிறேன்.

என் மருமகள் ஷைனிக்கு வீட்டிலிருந்தபடியே வேலை. கம்பெனி பாலராமபுரத்தில். ஆறு கடைகள். ஆறு கடைகளின் பில் போடும் கம்ப்யூட்டர்களும் தலைமை அலுவலகத்தோடு பேச வேண்டும், வெளியாள் யாரும் ஒட்டுக்கேட்காமல். அதற்காக இணையத்துக்குள்ளேயே ஒரு மூடிய பாதை போடுகிறார்கள். விபிஎன் என்று பெயர். கடைக்கு ஒரு ஃபைல். அதற்குள் ஒரு முகவரி, ஒரு ரகசியச் சாவி. சாவி என்றால் இரும்பு இல்லை. வாயில் நுழையாத நீளமான எழுத்து வரிசை. இந்த ஃபைல்களைப் பார்த்துக்கொள்வதுதான் ஷைனியின் வேலை.

வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. மாதக் கடைசியில்தான் சொல்வார்கள். என் மகனோ வேலை தேடிக்கொண்டிருக்கிறான். ஆகவே வீடு மொத்தமும் இந்த ஒரு வேலையைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருக்கிறது.

ஷைனி மவுஸைத் தொடவே மாட்டாள். கருப்புத் திரை, வெள்ளை எழுத்து. ஒரு வரி தட்டுவாள் — ஒரு கடையின் பாதை எழும்பும். இன்னொரு வரி — படுத்துவிடும். ஒரு எழுத்து தவறினால் என்ன ஆகும்? பக்கத்தில் உட்கார்ந்தாலே எனக்குப் பயம். ஆனாலும் உட்காருவேன். எதைக் கண்டாலும் எண்ணிப் பார்ப்பது என் பழக்கம்; எண்ணுவதற்கு அங்கே நிறைய இருக்கிறதே!

உதாரணமாக, ஃபைலின் பெயர் பதினைந்து எழுத்துக்கு மேல் போனால் பாதை போடும் அந்த மென்பொருள் ஏற்காது. திருவனந்தபுரத்துக்கு ஆங்கிலத்தில் பதினெட்டு. தலைநகர் என்றுகூடப் பார்க்காமல் வெளியே நிறுத்திவிட்டது. பக்கத்து ஊர் தனுவச்சபுரத்தை எண்ணிப் பார்த்தேன். மிகச் சரியாகப் பதினைந்து. என்ன பிரயோஜனம்... அங்கே கம்பெனிக்குக் கடை இல்லை.

செவ்வாய்க்கிழமை நெய்யாற்றின்கரையில் புதுக் கடைத் திறப்பு. ஷைனி அதற்கான ஃபைலைத் தயார் செய்து அனுப்பியிருந்தாள். ஆனால், நெய்யாற்றின்கரை எழும்பினால் பாறசாலைக் கடை விழுகிறது. பாறசாலை எழும்பினால் நெய்யாற்றின்கரை விழுகிறது. மேலாளர் போன் மேல் போன்.

என் மனைவி ரத்னபாய் எட்டிப் பார்த்தாள். ஷைனியை நாங்கள் 'மக்களே' என்றுதான் கூப்பிடுவோம்.

"என்னதாக்கும் மக்களே, மொகம் வாடியிருக்கு?"

"ஒண்ணுமில்ல மாமி. ரெண்டு கடை ஒண்ணுக்கொண்ணு சண்ட போடுது."

எங்களைப் போன்ற பழைய மிஷன் சபைக் குடும்பங்களில் ஒரு வழக்கம் உண்டு. மூட்டுவலியா, விசாவா, போர்வெல்லில் தண்ணீர் வரவில்லையா... டாக்டருக்கும் ஏஜெண்டுக்கும் சொல்லுமுன் சபையின் வாட்ஸ்அப் ஜெபக் குழுவில் போட்டுவிடுவோம். படத்தோடு போடுவது விசேஷம். ஜெபிக்கிறவர்களுக்குக் காரியம் தெளிவாக இருக்க வேண்டாமா? எக்ஸ்ரே வரும், பாஸ்போர்ட் வரும், வறண்ட குழாய் வரும்.

ரத்னபாய் ஷைனியின் பின்னால் நின்று போனை உயர்த்தினாள். சார்ஜ் இருக்கிறதா என்று பார்க்கிறாள் என நினைத்தேன்.

ஷைனி இன்னொரு வரி தட்டினாள். தலைமை அலுவலகத்தோடு எந்தெந்தக் கடைக்குப் பாதை உண்டு என்று திரை காட்டியது. நான் பழக்க தோஷத்தில் எண்ணினேன்.

"அஞ்சுதான் உண்டு."

"மாமா, சும்மா இரியுங்க."

"கடை ஆறு, ஃபைல் ஆறு. இதுல அஞ்சுதான் மக்களே. நீயே எண்ணு."

எண்ணினாள். நெற்றியில் கை வைத்துக்கொண்டாள். பாறசாலை ஃபைலை நகல் எடுத்துத்தான் நெய்யாற்றின்கரை ஃபைலைச் செய்திருக்கிறாள். பெயரை மாற்றினாள், முகவரியை மாற்றினாள், சாவியை மாற்ற மறந்துவிட்டாள். ஒரே சாவி இருந்ததால் இரண்டும் ஒரே கடை என்று தலைமை அலுவலகக் கம்ப்யூட்டர் நினைத்திருக்கிறது. நெய்யாற்றின்கரைக்குப் புதுச் சாவி போட்டாள். கடை திறக்குமுன் ஆறும் எழும்பிவிட்டன.

"பாத்தியளா, ஜெபம் கேட்டாச்சு" என்றாள் ரத்னபாய். "போட்டோ போட்ட உடனே எல்சி அக்கா ஆமென் போட்டா."

"என்ன போட்டோ மாமி?"

போனை வாங்கிப் பெரிதாக்கிப் பார்த்தாள் ஷைனி. திறந்திருந்த பாறசாலை ஃபைல். அதன் ரகசியச் சாவி, எழுத்து எழுத்தாக. என் மூக்குக்கண்ணாடியைத் தேடித் தரும்போது நடுங்கும் ரத்னபாயின் கை, இந்தப் படத்தை எடுக்கும்போது மட்டும் நடுங்கவில்லை.

"அழிச்சிரு" என்றேன். "அதுல பாதிப்பேரு குட்மார்னிங் படத்தத் தவிர ஒண்ணும் தொறக்காதவங்க. யாருக்கு விளங்கப் போவுது?"

"அழிக்கலாம் மாமா. ஆனா டென்னிசன் அண்ணன் வேற ரெண்டு குரூப்புக்கு அனுப்பியாச்சுன்னு அதுலயே எழுதியிருக்காரு. ஜெபிக்கச் சொல்லி."

பாறசாலைச் சாவியையும் மாற்றினாள். நாலைந்து வரிகள்தான். பழைய சாவி இனி எதையும் திறக்காது. இதோடு விட்டிருந்தால் கம்பெனியில் யாருக்குத் தெரியும்? அதைத்தான் நானும் சொன்னேன்.

"மேலாளருட்ட சொல்லாண்டாம் மக்களே. மாதக் கடைசி வரட்டு."

"அதுக்குள்ள யாராவது உள்ள போயிருந்தா? யாரு எப்ப உள்ள வந்தாங்கன்னு பதிவாகியிருக்க லாக் எல்லாம் பாக்கணும் மாமா. அது அவங்ககிட்ட ஆக்கும்."

போனை எடுத்தாள். ஸ்பீக்கரில் போட்டாள்.

"சாரே, ஒரு காரியம் பறயான் உண்டு."

ஒரு விஷயம் சொல்ல வேண்டும் என்று தொடங்கி, மலையாளத்தில் முழுவதும் சொன்னாள். மாமியார் என்றாள், ஜெபம் என்றாள், எதையும் குறைக்கவில்லை. ரத்னபாய் அடுக்களை வாசலிலேயே நின்றாள். அந்தப் பக்கத்திலிருந்து மேலாளர் கேட்டார்.

"பிரார்த்தனா குரூப்போ?"

"அதே சாரே."

"எத்ர பேருண்டு?"

ஷைனி என்னைப் பார்த்தாள்.

"இருநூற்றிப் பதினாலு" என்றேன்.

"ஆறு கடையுடேயும் கீ மாற்றணும். இன்னு தன்னே" என்று, அன்றைக்கே முடிக்கச் சொல்லிப் போனை வைத்துவிட்டார். திட்டவும் இல்லை, பாராட்டவும் இல்லை. திட்டியிருந்தாலாவது எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

சாயங்காலம்வரை ஷைனி சாவி மாற்றினாள். ரத்னபாய் பாலில்லாத கட்டன் சாயா கொண்டு வைத்துக்கொண்டே இருந்தாள்.

எங்கள் தலைமுறைக்கு ரகசியம் என்றால் வெட்கப்பட வேண்டிய விஷயம். மறைக்க வேண்டியது அது ஒன்றுதான். மற்றதைப் பத்துப் பேரிடம் சொன்னால் பாரம் குறையும். வெட்கமே இல்லாத, ஆனாலும் யாரிடமும் சொல்லக்கூடாத ஒன்று உலகத்தில் இருக்கிறது என்பதை எங்களுக்கு யார் சொல்லித் தந்தார்கள்? இப்போது அது வந்து சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கிறது.

மாதம் முடிய இன்னும் ஒரு வாரம் உண்டு. வேலை நிரந்தரமா என்று மேலாளர் இன்னும் சொல்லவில்லை. நேற்று ரத்னபாய் மறுபடி குழுவில் போட்டாள். படம் இல்லை. 'ஒரு காரியம் உண்டு. விவரம் ஆண்டவருக்குத் தெரியும். ஜெபிக்கவும்.'

ஷைனி படித்துவிட்டுச் சிரித்தாள். "மாமி, எங்க கம்பெனிய விட நல்லாப் பூட்டியாச்சு."

இதுவரை நூற்று எண்பது பேர் ஆமென் போட்டிருக்கிறார்கள். மீதிப் பேர் எதற்குக் காத்திருக்கிறார்கள் என்றுதான் எனக்குத் தெரியவில்லை.