மூன்றாவது துளையில் மினுக்கிய விளக்கு

கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டு மாடி அறைதான் எனக்கு ஆபீஸ். சென்னைக் கம்பெனி ஒன்றுக்குப் போனில் பதில் சொல்லும் வேலை. போன சித்திரையில் கம்பெனியிலிருந்து ஒரு மெயில் வந்தது. வேலை பார்க்கும் அறையிலேயே வயர் வழியாக வரும் நெட் வேகம் இருநூறு எம்பிபிஎஸ் இருக்கிறது என்று, அறையும் தெரிய, வெள்ளிக்கிழமைக்குள் படமெடுத்து அனுப்ப வேண்டுமாம். இல்லையென்றால் சென்னைக்கே வந்து வேலை பார்க்க வேண்டுமாம். ஐந்து வயது மகளை விட்டுவிட்டு நான் எங்கே போவது?

நாங்கள் அப்போதுதான் இருநூறு பிளானுக்கு மாறியிருந்தோம். கீழே ஹாலில் ரௌட்டர் பக்கத்தில் செல்போனை வைத்துப் பார்த்தால் இருநூறும் காட்டியது. மாடிக் கம்ப்யூட்டருக்கு வயரில் போவது மட்டும் தொண்ணூறைத் தாண்டவில்லை.

பக்கத்து வீட்டு அண்ணனைக் கூப்பிட்டேன். எலக்ட்ரீஷியன். வீடு கட்டியபோது அந்த வயரைச் சுவருக்குள் இழுத்தவரே அவர்தான். "தங்கச்சி வூட்ல இன்னா கூலி?" என்று அன்றைக்குக் கோபித்துக்கொண்டவர். கல்வராயன் மலைக்கு வேலையாகப் போனால் எங்களுக்கும் சேர்த்துப் பலாப்பழம் வாங்கி வருவார்.

"நெட்டுன்றது கெணத்துத் தண்ணி மாதிரி தங்கச்சி. வெயில் காலத்துல கம்மியாத்தான் ஊறும்."

அந்தப் பேச்சு எவ்வளவு பிடித்துப்போனது என்றால், வீட்டுக்காரரிடமும் சொல்லிச் சிரித்தேன். மறுநாள் வயரை எலி கடித்திருக்கும் என்றார் அண்ணன். அதற்கடுத்த நாள், "ரௌட்டரு கெழடாயிட்ச்சி, மாத்திடு." மாற்றினேன். அதே தொண்ணூறு.

வெள்ளிக்கிழமை காலை நானே இறங்கினேன். கம்ப்யூட்டரைக் கீழே தூக்கி வந்து, ஒரு சின்ன வயரால் நேராக ரௌட்டரில் செருகினேன். இருநூறு! அப்படியானால் கோளாறு சுவருக்குள் இருக்கும் வயரில்தான்.

அப்போதுதான் ரௌட்டரின் மூன்றாவது துளை கண்ணில் பட்டது. "பின்னால மாடியில டிவி வச்சா ஆவும், புடுங்காத" என்று அண்ணன் செருகிவைத்த பிளக்; அதுவும் சுவருக்குள்ளிருந்துதான் வந்தது. புது ரௌட்டரிலும் மறக்காமல் அவரே செருகியிருந்தார். மாடியில் ஏது டிவி? விளக்கு மட்டும் விடாமல் மினுக்கிக்கொண்டிருந்தது. பிடுங்கினேன்.

மதிலுக்கு அந்தப் பக்கம் அண்ணியின் குரல்: "ஏங்க, நெட்டு நின்னுட்ச்சி! தங்கச்சி எதையோ கழட்டிட்டா போலக்கீது!"

அண்ணிக்கும் தெரிந்திருக்கிறது.

மாடிக்கு ஓடிப்போய்ச் சுவரில் இருந்த மூடியைக் கழற்றினேன். உள்ளே எட்டுக் கம்பிகள். நாலு எனக்கு. மீதி நாலும் ஒரு கறுப்பு வயரோடு முறுக்கப்பட்டு, ஜன்னல் ஓரமாக அவர் வீட்டுக்குப் போயிருந்தன. நாலே கம்பியில் நூறுக்கு மேல் ஏறாது. இருநூறு ஓட எட்டும் வேண்டும்.

அண்ணன் வந்து நின்றார். "உனுக்கு நாலு, எனுக்கு நாலு. அப்ப நூறு பிளான்தான இருந்துது? உனுக்கு இன்னா கொறஞ்சிது சொல்லு."

"நாலு நாளா அழுதுக்கினு இருந்தனே, அப்பக்கூட வாயத் தொறக்கலியேண்ணே?"



பிளக் மாட்டும் குறடு அவரிடம்தான் இருந்தது. சாயங்காலத்துக்குள் படம் போயாக வேண்டும். அதனால் அவரே உட்கார்ந்து மேலேயும் கீழேயும் எட்டுக் கம்பியையும் ஒரே பிளக்கில் சேர்த்து மாட்டினார். நான் டார்ச் பிடித்தேன். கம்ப்யூட்டரை மறுபடி மாடியில் வைத்துச் செருகினேன். இருநூறு வந்தது. படத்தை அனுப்பினேன்.

குறட்டைப் பையில் போட்டுக்கொண்டே கேட்டார்: "வை-ஃபை பாஸ்வேர்டயாவது சொல்லேன் தங்கச்சி."

அவர் கேட்டு நான் இல்லையென்றதே கிடையாது.

"எனக்கு வேலை இருக்குங்க" என்று சொல்லிவிட்டுக் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டேன்.