பாண்டி பஜாரிலிருந்து சாந்தோம்: பழைய விமான டிக்கெட் போன வழி

மானம் போகிற விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். போன மாதம், ஐம்பத்து நாலு வயதில், முதல்முறையாக விமானத்தில் ஏறினேன். கோயம்புத்தூரில் எல்லோரும் இறங்கிய பிறகும் நான் மட்டும் சீட்டிலேயே இருந்தேன். பெல்ட்டைக் கழற்றத் தெரியவில்லை. ஏர்ஹோஸ்டஸ் பொண்ணு வந்து ஒரே இழுப்பில் கழற்றிவிட்டது. இத்தனைக்கும் பாண்டி பஜார் சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேருக்கு டிக்கெட் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்.

எட்டாவதோடு படிப்புக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, தொண்ணூறுகளில் பாண்டி பஜார் டிராவல்ஸ் ஒன்றில் டெலிவரி ஆளாக இருந்தேன். அப்போது விமான டிக்கெட் என்பது சின்னப் புத்தகம். உள்ளே சிவப்புக் கார்பன்; தொட்டால் விரல் சிவக்கும். வீட்டுக்காரர்கள் அதைக் கையில் வாங்கியதும் சாமி படத்தடியில் வைப்பார்கள், எனக்குக் காபி கொடுப்பார்கள். கோயம்புத்தூர் போனபோது என் டிக்கெட் மகளின் போனுக்குள் இருந்தது. யாரும் தொடவில்லை, காபியும் இல்லை. அங்கேதான் சாந்தோம் பிலோமினா அக்காவின் ஞாபகம் வந்தது. கூடவே நான் செய்த வேலையும்.

இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு ஒன்று தெரியாது. அன்று டிக்கெட் இருந்தால் மட்டும் போதாது. திரும்பிப் போகும் விமானத்துக்கு எழுபத்திரண்டு மணி நேரம் முன்பே, ‘வருகிறேன்’ என்று கம்பெனிக்கு மறுபடி சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சீட் வேறு ஆளுக்குப் போய்விடும். அக்கா மஸ்கட்டில் நர்ஸ், லீவில் வந்திருந்தார். அவர் தம்பி சேவியர் ஞாபகமாக எங்கள் ஆபீசுக்குப் போன் செய்து சொன்னார். எடுத்தது நான். விமான கம்பெனிக்குப் போகக் கிளம்பிய நான், சைக்கிளை மீனம்பாக்கம் ஏர்போர்ட்டுக்குத் திருப்பினேன். இறக்கை நுனி மேலே மடிந்த புது ஜம்போ இறங்குகிறது என்று பேச்சு. காசு கொடுத்தால் மாடியில் நின்று பார்க்கலாம். பார்த்தேன். வீடே பறந்து வந்த மாதிரி இருந்தது. அந்தச் சந்தோஷத்தில் சீட் விஷயம் மறந்தே போச்சு.

அக்காவுக்குச் சீட் போனது. பதினோரு நாள் கழித்துப் போய்ச் சேர்வதற்குள் வேலையும் போனது. முதலாளி கேட்டபோது, “போனே வரல சார்” என்றேன். பழி சேவியர் தலையில் விழுந்தது.

நேற்று, செவ்வாய்க்கிழமை காலை 9.10க்குப் பாண்டி பஜாரில் கிளம்பினேன். டிராவல்ஸ் இருந்த இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். சாந்தோமுக்கு ஆறு கிலோமீட்டர், ஆட்டோ 180 ரூபாய். சைக்கிளில் அரை மணி நேரம் ஆகும்.

“மெட்ரோக்குத் தோண்டிக்கினு கீறாங்கண்ணே, சுத்திக்கினுதான் போவணும்” என்றார் டிரைவர்.

“சுத்து நைனா. நான் போற காரியத்துக்கு எவ்ளோ லேட்டானாலும் நல்லதுதான்.”

“இன்னா, கடன் கேக்கப் போறியா?”

“உதை வாங்கப் போறேன்.”

“அப்போ வெயிட்டிங் போட மாட்டேன், போ” என்று சிரித்தார். மெட்ரோவுக்குத் தோண்டும் லஸ் கார்னரைத் தாண்டி சாந்தோம் சேர 50 நிமிடம்.

சர்ச்சுக்குப் பின்னால் அதே சந்து, அதே நீல கேட். அக்காவுக்கு இப்போது அறுபத்தேழு. கண்ணாடியைத் தூக்கிப் பார்த்தார்.

“டேய், டிக்கெட் தம்பி! முடியெல்லாம் எங்கடா?”

“ஏறின விமானத்துலயே விட்டுட்டேன்க்கா.”

அதற்கு மேல் ஜோக் வரவில்லை. உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னேன். அக்கா கண்ணாடியைக் கழற்றி வைத்தார்.

“என்கிட்ட ஏண்டா சொல்ற? முப்பது வருஷமா எந்த ஊருக்குப் போனாலும் ஏர்போர்ட்டுக்குத் தனியா டாக்சியிலதான் போறேன். சேவியர் வந்து வாசல்ல நிப்பான், பையைக் கூடத் தொட விட்டதில்ல. அவன்கிட்ட சொல்லு.”

வேளச்சேரியில் இருந்த சேவியருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து என்னிடம் நீட்டினார். திரும்பவும் சொன்னேன்.

“அக்கா, கேட்டியா?” என்றார் சேவியர். திட்டுவார் என்று நின்றேன். “நான் போன் பண்ணேன்க்கா. பண்ணேன்னு சொன்னேனே.”

“சொன்னடா. நான்தான் கேக்கல.” அக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டார். “வியாழக்கிழமை காலைல பெங்களூர் போறேன். ஏர்போர்ட்டுக்கு நீ கொண்டுபோய் விடுறியா?”

“ஆறு மணிக்கே வந்துடறேன்” என்று சொல்லிவிட்டு, “அந்த ஆளுக்கு ஒரு காபி குடுக்கா” என்றார் சேவியர். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

விமானம் எவ்வளவோ மாறிவிட்டது. கார்பனும் போனது, மாடியும் போனது, எழுபத்திரண்டு மணி நேரமும் போனது. யாரிடமும் எதையும் மறுபடி சொல்ல வேண்டியதில்லை. எனக்கென்னவோ, மறுபடி சொல்ல வேண்டிய காலம்தான் பிடித்திருக்கிறது.

இதே மாதிரி பயணம் போக நினைப்பவர்களுக்கு: காலையில் போங்கள், வெயிலில் மன்னிப்பு கேட்பது கஷ்டம். லஸ்ஸைத் தாண்ட இருபது நிமிடம் கூட வையுங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள், நான் அரை கிலோ மிக்சர் கொண்டுபோனேன்.

கிளம்பும்போது அக்கா தன் போனைக் கொடுத்து, பெங்களூர் விமானத்தில் சீட் பிடித்துத் தரச் சொன்னார். கால் நீட்ட நல்ல இடமாகப் பார்த்து, 600 ரூபாய் நானே கட்டிப் போட்டேன். அது அவசர வழிக் கதவு சீட் என்று வீட்டுக்கு வந்ததும் மகள் சொன்னாள். வியாழன் காலை 9.40 பெங்களூர் விமானத்துக்கு ஏதாவது ஆனால், கதவைத் திறந்து எல்லோரையும் வெளியேற்ற வேண்டியது இரண்டு முட்டியும் ஆபரேஷன் ஆன பிலோமினா அக்கா. அதற்கு அவருக்குச் சம்மதம் என்று போனில் நான்தான் டிக் அடித்தேன்.