மூன்று தரம் இறைத்த கிணறு

சென்ற கார்த்திகை மாதம், புயல் வருவதற்கு மூன்று நாள் முன்னர், செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு அக்கா வீட்டுக் கிணற்றில் தண்ணீர் நாலு விரற்கடை உயர்ந்திருந்தது. முதல்நாள் மழை இல்லை. அதற்கு முதல்நாளும் இல்லை. முடிச்சுப் போட்ட கயிற்றை இரண்டாம் முறையும் இறக்கிப் பார்த்தேன். அதே நாலு விரற்கடை.

எங்கள் ஒழுங்கை ஒரு குறுகிய சந்து; கடற்கரை வீதியில் தொடங்குகிறது. பதினாலு வீடுகள், பதினாலு கிணறுகள். பதின்மூன்றில் குளிக்கலாம், உடுப்புத் தோய்க்கலாம், குடிக்க முடியாது. குடிக்கிற தண்ணீர் அக்கா வீட்டுக் கிணற்றில் மட்டுந்தான். ஏன் அப்படியென்று யாருக்கும் தெரியாது. காலையும் பின்னேரமும் குடத்தோடு வருகிறவர்களுக்காக அக்கா படலையைப் பூட்டுவதே இல்லை. நான் அடுத்த வளவு. தபாற்கந்தோரில் வேலை பார்த்த காலத்தில் விட்டுவிட்டும், ஓய்வு பெற்ற பிறகு ஒருநாளும் தவறாமலும் அந்தக் கிணற்றின் நீர்மட்டத்தையும் ருசியையும் காற்றின் திசையையும் கொப்பியில் எழுதி வருகிறேன்.

அத்தான், அக்காவின் கணவர், கடற்தொழில் செய்பவர். அன்று காலை வள்ளத்தை ஒழுங்கைக்குள் இழுத்து வந்து பனையோடு கட்டிக்கொண்டிருந்தார்.

"அத்தான், மழையில்லாமல் கிணறு ஏறியிருக்கு."

"கடல் நிறைஞ்சு நிக்குது. உன்ரை கயித்துக்கு இண்டைக்குத்தான் தெரிஞ்சிருக்கு. எனக்கு முந்தநாளே தெரியும்."

புதன்கிழமை நண்பகலில் காற்று அடியோடு நின்றது. தென்னோலை ஒன்றும் அசையவில்லை. கடற்கரை நண்டுகள் வீதியைக் கடந்து ஒழுங்கைக்குள் வந்தன. நாய்கள் அவற்றைத் துரத்தவில்லை. கடல் சாம்பல் கரைத்த நிறத்தில், அலையில்லாமல், வீதியின் கல்லணைக்குச் சமமாக நின்றது. 

வியாழக்கிழமை மழையோடு காற்றுத் திரும்பி வந்தது. பெண்களையும் பிள்ளைகளையும் மாடிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு, அத்தானும் நானும் கிணற்றைத் தறப்பாளால் மூடி, நைலோன் கயிற்றால் சுற்றிக் கட்டி, மேலே கல் வைத்தோம். எங்கள் இரண்டு வீட்டுக் கூரைகளையும் அப்படிக் கட்டவில்லை. கூரை போனால் வேறு போடலாம் என்று அத்தான் சொன்னார். நாங்களும் பள்ளிக்கூடத்துக்குப் போனோம். வெள்ளிக்கிழமை காலை பத்து மணியளவில், மதிலுக்கு அப்பால் கடல் வீதியைக் கடந்து ஒழுங்கைக்குள் இறங்குவதை மேல்மாடி யன்னலால் பார்த்தோம். அக்கா ஒரு கேள்விதான் கேட்டாள்.

"கிணத்துக் கட்டு தெரியுதோ?"

தெரியவில்லை. நான் மழை மறைக்கிறது என்றேன்.

சனிக்கிழமை திரும்பியபோது தறப்பாள் கிணற்றுக்குள் கிடந்தது. கட்டின்மேல் அலை ஒதுக்கிய கடற்சாதாழை. கடைசி வீட்டுப் பெண், வாய்க்குப் பேர்போனவர், ஒரு வாளி அள்ளி உள்ளங்கையில் ஊற்றி நக்கிப் பார்த்தார்.

"அக்கா, இனிச் சோத்துக்கு உப்புப் போடத் தேவையில்லை."

எல்லோரும் சிரித்தார்கள். சிரிப்பு பாதியில் நின்றது.

எங்கள் ஊரில் கிணற்றுக்கு எது நடந்தாலும் இறைப்போம். கலியாணத்துக்கு இறைப்போம், செத்தவீட்டுக்குப் பிறகு இறைப்போம், பூனை விழுந்தால் இறைப்போம். இறைத்தால் புது ஊற்று வரும் என்பது சந்தேகமில்லாத விஷயம். ஆனாலும் அன்று எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"அண்ணை, உங்கடை கொப்பி என்ன சொல்லுது?" என்று அந்தப் பெண்ணே கேட்டார்.

பல வருடங்களுக்கு முன்னரும் ஒரு கார்த்திகைப் புயலில் கடல் இந்தக் கிணற்றைத் தொட்டது. அந்தக் கொப்பி மற்றப் பழைய கொப்பிகளோடு அலுமாரியின் மேல், மழைக்குப் பயந்து நானே மூன்று பொலித்தீன் பைகளில் சுற்றிக் கட்டிய பொட்டலத்தில் இருந்தது. கை ஈரம். கால் சேறு. அவிழ்க்கப் பஞ்சியாக இருந்தது, வெறும் சோம்பல்.

"இறையுங்கோ," என்றேன்.

மிசின் பூட்டி அடி தெரியும்வரை இறைத்தார்கள். ஞாயிற்றுக்கிழமை பார்த்தால் உவர் கொஞ்சம் குறைந்தமாதிரி இருந்தது. அதை நம்பிச் செவ்வாய்க்கிழமை மறுபடி இறைத்தோம். வெள்ளிக்கிழமை மூன்றாம் தரம். சனிக்கிழமை காலை வாயில் வைத்த தண்ணீரை விழுங்க முடியவில்லை. உவர் இல்லை, கைப்பு.

அன்றுதான் பொட்டலத்தை அவிழ்த்தேன். என் கையெழுத்துத்தான். அந்தப் புயலுக்குப் பிறகு ஒழுங்கைச் சனம் முழுக்க ஊரின் உட்பக்கத்தில் சொந்தக்காரர் வீடுகளில் தங்கியிருந்ததால் கிணற்றை ஒருவரும் தொடவில்லை என்று எழுதியிருந்தேன். தைப்பொங்கலுக்கு முதல்நாள்: "நல்ல தண்ணி." எங்கள் நிலத்துக்கடியில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின்மேல் மெல்லிய ஆடையாக மிதக்கிறது, மேலே அள்ள அள்ளக் கீழே இருப்பது ஏறி வரும் என்பதை நான் எப்போதோ புத்தகத்தில் வாசித்துமிருக்கிறேன். வாசித்ததும் எழுதியதும் வேண்டிய நேரத்தில் என் வாய்க்கு வரவில்லை.

அக்காவுக்கு அந்தப் பக்கத்தை வாசித்துக் காட்டினேன்.

"அப்ப ஏன் இறைக்கச் சொன்னனீ?"

கேட்டுக்கொண்டே கப்பியிலிருந்து கயிற்றையும் வாளியையும் கழற்றிக் குசினிக்குள் கொண்டுபோனாள். அதன் பிறகு ஒழுங்கை முகப்பில் தண்ணீர்ப் பவுசர் வந்தது. குடங்கள் அங்கே வரிசையாக நின்றன. அக்கா முதல்முறையாகப் படலைக்குப் பூட்டு வாங்கினாள்.

தினமும் தேநீருக்கு முன் ஒரு வாய் ருசி பார்த்து எழுதினேன். தை, கைப்பு. வைகாசி, உவர். ஆவணி, உவர். இந்த ஐப்பசியின் முதல் மழைகளுக்குப் பிறகு கடைசி வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுக் குடிக்கக் கொடுத்தேன். நெடுநேரம் வாய்க்குள் வைத்திருந்து விழுங்கினார்.

"தேத்தண்ணிக்குக் காணும், அண்ணை. குடிக்கலாம்."

அது போன கிழமை. அக்கா பூட்டை எடுத்துவிட்டாள்.

இன்று காலை ஆறு மணிக்குக் கயிற்றை இறக்கினேன். ஐந்து விரற்கடை ஏறியிருக்கிறது. மூன்று நாளாக மழை இல்லை. கொப்பியில் எழுதிவிட்டு, வள்ளத்துக்கு அடித்து மிஞ்சிய பெயின்றை எடுத்துக் கிணற்றுக் கட்டில் எழுதத் தொடங்கினேன்: கடல் வந்தால் இறைக்க வேண்டாம்.

அத்தான் வள்ளத்தை ஒழுங்கைக்குள் இழுத்து வந்துகொண்டிருந்தார். நின்று வாசித்தார்.

"பெரிசா எழுது," என்றார். "தண்ணிக்குக் கீழை கிடந்தாலும் தெரியோணும்."