ஒலிபெருக்கிக்குக் கீழே ஒரு தூளி

இது நடந்து பத்து வருஷம் ஆகிறது. கார்த்திகை தீபத்துக்கு இன்னும் நான்கு நாள் இருந்தது. திருவண்ணாமலையில் தீபத்தை ஒட்டிக் கூடும் மாட்டுச் சந்தையில், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நடந்தது. அன்றைக்கு என் வலது கை செய்த ஒரு சின்னக் காரியத்தை நினைத்தால் இப்போதும் அந்தக் கை சில்லிட்டுப் போகிறது.

நான் மைக் செட் ஆபரேட்டர். ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது. அப்புறம் ஆறேழு வருஷம் மாடு மேய்த்தேன். பிறகு டவுனில் ஒரு சவுண்ட் சர்வீஸ் கடையில் சேர்ந்து, ஒயர் இழுக்கவும் ஆம்ப்ளிஃபயர் பார்க்கவும் கற்றுக்கொண்டேன். ஊரே கேட்கும்படி மற்றவர்கள் பேசுவதற்கு வழி செய்து கொடுப்பவன் நான். ஆனால் நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. மற்ற ஆபரேட்டர்கள் மைக்கைத் தொட்டாலே, "ஹலோ, மைக் டெஸ்டிங், ஒன் டூ த்ரீ" என்பார்கள். நான் விரலால் தட்டுவேன், வாயால் ஊதுவேன். என் டெஸ்டிங் அவ்வளவுதான். யாராவது ஏதாவது கேட்டால்கூடத் தலையை ஆட்டியே பதில் சொல்லிவிடுவேன். எங்கள் முதலாளி என்னைக் கூப்பிடுவதே "டேய் தலையாட்டி" என்றுதான்.

அப்போது வானொலியில் வாரம் தவறாமல் ஒரு விஞ்ஞான நாடகம் வந்துகொண்டிருந்தது. விண்கலத்தில் போன ஐந்து பேர் வழி தவறிவிடுகிறார்கள். பூமிக்குத் திரும்ப வழி தேடி வாரம் ஒரு கிரகத்தில் இறங்குவார்கள். அங்கே ஏதாவது ஆபத்தில் மாட்டித் தப்பித்து மறுபடி கிளம்புவார்கள். பத்து வருஷமாக அவர்கள் வீடு வந்து சேரவில்லை. எங்கள் கடைக்கு ஒரு பக்கம் டீக்கடை, மறு பக்கம் தையல் கடை. நாடகம் வரும் நேரத்தில் டைலர் மிஷினிலிருந்து காலை எடுத்துவிடுவார். டீக்கடை அண்ணன் யார் என்ன கேட்டாலும் கையைக் காட்டி நிறுத்திவிடுவார். எனக்கு அந்த நாடகம் என்றாலே பயம். விண்கலம் இறங்கும்போது ஒரு சத்தம் போடுவார்கள். ஊளை மாதிரி ஆரம்பித்து, விசில் மாதிரி ஏறி, காதுக்குள் கம்பி நுழைவது போலப் போகும். அந்த இடம் வரும்போது நான் எழுந்து வெளியே போய் நின்றுகொள்வேன்.

அந்த ஞாயிறு, நாடகத்தின் பத்தாம் ஆண்டு நிறைவுச் சிறப்பு நிகழ்ச்சி. வழக்கமாக அரை மணி நேரம். அன்றைக்கு மட்டும் ஒரு மணி நேரம். ஐந்து பேரும் பூமியில் இறங்கப்போகிறார்கள் என்று முந்தின வாரமே சொல்லியிருந்தார்கள். அந்த வாரம் முழுக்கக் கடைவாசலில் இதே பேச்சுதான்.

"எறங்கிடுவாங்கபா. பத்து வருஷமா சுத்த வுட்டாச்சி, இன்னும் இன்னா?" என்பார் டைலர்.

"எறங்கினா நாடகம் முடிஞ்சி பூடும்டா. எறக்க மாட்டான் பாரு," என்பார் டீக்கடை அண்ணன். அப்புறம் கொஞ்சம் யோசித்து, "எறங்கினாலும் பத்து வருஷம் கழிச்சி வர்றவங்கள யாருக்கு அடையாளம் தெரியும்? அத நெனச்சாதான் பயமா கீது," என்பார்.

சந்தைக்கு அந்த வருஷம் எங்கள் மைக் செட். பாட்டுப் போடவும், காணாமல் போனவர்களை அறிவிக்கவும். அறிவிப்புச் சொல்லச் சந்தைக் குத்தகைக்காரர் ஓர் ஆளை வைத்திருந்தார். எனக்கு ஓர் ஓலைக் கொட்டகை, ஒரு மேஜை. இரண்டு கூம்பு ஒலிபெருக்கிகளில் ஒன்றை நுழைவாசல் மூங்கிலிலும், மற்றொன்றைச் சந்தை நடுவில் இருந்த புளியமரத்திலும் கட்டியிருந்தேன். குத்தகைக்காரர் முதல் நாளே கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். "பாட்டு மெதுவாத்தான் போணும். மாடு மெரண்டா அப்புறம் யாராலயும் ஒண்ணும் பண்ண முடியாது." நானும் வால்யூம் திருகை இரண்டுக்கு மேல் ஏற்றவில்லை.

ஞாயிறு காலையில் கீழ்பென்னாத்தூர்ப் பக்கத்திலிருந்து ஒரு புருஷனும் பெண்சாதியும் ஒரு ஜோடி மாட்டை விற்க வண்டி ஓட்டிக்கொண்டு வந்தார்கள். புளியமரத்து நிழலில் வண்டியை அவிழ்த்து, சக்கரத்துக்கு ஒரு கல்லை அண்டை கொடுத்துவிட்டு, மாடுகளை வண்டியின் முன்பக்கத்தில் கட்டினார்கள். கைக்குழந்தை ஒன்று இருந்தது. ஐந்தாறு மாதம் இருக்கும். அந்தப் பெண் பழைய புடவையை எடுத்துக்கொண்டு, வண்டி அச்சைப் பார்த்தாள், மேலே மரத்தைப் பார்த்தாள். பிறகு என் கொட்டகைக்கு வந்தாள்.

"அண்ணா, புள்ளைக்கு வண்டிக்கடியில தூளி கட்டப் போறன். மேல ரேடியோ கட்டிக்கீறீங்களே, சத்தம் ஜாஸ்தியா வருமா? வரும்னா சொல்லிடுங்க, வண்டிய வேற பக்கம் வுட்டுக்கறோம்."

வராது என்று தலையை ஆட்டினேன். அவள் சிரித்துவிட்டுப் போய்த் தூளியைக் கட்டினாள். தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் அது தொங்கியது. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த வார்த்தையாவது பிறகு எனக்கு ஞாபகம் வந்திருக்கும். தலையாட்டல் அப்போதே மறந்துபோனது.

டீக்கடை அண்ணன் சந்தை நடந்த நாலு நாளும் அங்கேயே கடை போட்டிருந்தார். டைலர் கடையைப் பூட்டிவிட்டு நடந்தே வந்துவிட்டார். நாடகம் தொடங்கும் நேரத்தில் அண்ணனின் டிரான்சிஸ்டரைச் சுற்றி இருபது பேர் கூடியிருந்தார்கள். சந்தை இரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை. டைலர் டிரான்சிஸ்டரைத் தூக்கிக்கொண்டு என் கொட்டகைக்குள் நுழைந்தார்.

"மைக்குக்கு முன்னாடி வெச்சிடுபா. எல்லாரும் கேக்கட்டும். அறிவிப்பு சொல்றவரு சாப்பிடப் போயிட்டாரு, கேக்க ஆளில்ல."

எனக்குப் பயமாகத்தான் இருந்தது. முடியாது என்று சொல்லவும் வாய் வரவில்லை. மைக்குக்கு முன்னால் வைத்தேன்.

ஐம்பது பேர், நூறு பேர் என்று கூட்டம் சேர்ந்தது. நாடகத்தைக் கேட்டே அறியாத கிராமத்து ஆட்கள்கூட, "யாருபா அது, எங்கருந்து வராங்க?" என்று கேட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். மாட்டுத் தரகர் ஒருவர் துண்டுக்குள் விரலைப் பிடித்துப் பேரம் பேசிக்கொண்டிருந்தவர், பிடித்த விரலை விடாமலே நின்று கேட்டார். விண்கலத்திலிருந்த ஒருவன், 'அம்மா இருப்பாளா?' என்று கேட்டபோது டீக்கடை அண்ணன் தோள் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். டைலர் அவரைப் பார்க்காதது போல இருந்தார். கொஞ்ச நேரம் எனக்கும் பயம் போய்விட்டது. கடையில் பயந்து பயந்து நான் கேட்ட நாடகத்தை இத்தனை பேர் மூச்சை அடக்கிக் கேட்பது எனக்கு ஒரு மாதிரி பெருமையாகக்கூட இருந்தது.

விண்கலம் மேகத்துக்குள் நுழையும் கட்டம் வந்தது. பின்னாலிருந்து யாரோ கத்தினார்கள். "கேக்கல! ஏத்துபா!"

"ஏத்துடா, முக்கியமான எடம்!" என்றார் டைலர்.

என் கை திருகைப் பிடித்தது. இரண்டிலிருந்து நான்கு. நான்கிலிருந்து ஆறு.

இறங்கும் சத்தம் வந்தது.

நான் எழுந்து வெளியே போய் நிற்கும் அந்தச் சத்தம், இரண்டு கூம்புகளிலும் சேர்ந்து, சந்தைக்கே மேலே நின்று ஊளையிட்டது. முதலில் ஒரு காளை கயிற்றோடு எம்பியது. அதைப் பார்த்து அடுத்தது. ஒரு நொடியில் முளைகள் பிடுங்கிக்கொண்டு வருவதும், கயிறுகள் அறுவதும், கொம்பும் புழுதியும்தான் தெரிந்தன. ஆட்கள் கத்திக்கொண்டு ஓடினார்கள். சிலர் கழியை வீசினார்கள். கத்தக் கத்த மாடுகள் இன்னும் மிரண்டன.

நான் டிரான்சிஸ்டரைப் பிடுங்கிக் கீழே போட்டேன். நாடகம் நின்றது. ஆனால் மாடுகள் நிற்கவில்லை. அப்போதுதான் புளியமரத்தடியைப் பார்த்தேன்.

அந்த ஜோடி மாடு வண்டியையும் சேர்த்து இழுத்தது. சக்கரம் அண்டைக் கல்லின்மேல் ஏறி இறங்கியது. வண்டி கோணலாகத் திரும்பியது. அடியில் தூளி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் வீசி ஆடியது. ஒரு தடவை தரையில் உரசிப் புழுதி கிளப்பியது. நாலைந்து அவிழ்ந்த மாடுகள் வண்டியை ஒட்டியே ஓடின. குழந்தையின் அப்பா தூரத்தில் வாங்குகிற ஆளோடு நின்றிருந்தார். அந்தப் பெண் குடத்தோடு பம்பு செட்டுப் பக்கத்திலிருந்து ஓடி வருவது தெரிந்தது. குடம் அவள் இடுப்பிலேயே இருந்தது. அதைக் கீழே போடவும் அவளுக்குத் தோன்றவில்லை. நடுவில் அத்தனை மாடுகள்.

சத்தம் ஜாஸ்தியா வருமா என்று அவள் கேட்டதும், நான் தலையை ஆட்டியதும் அப்போது ஞாபகம் வந்தது.

"பேசுடா! மைக்குல எதனா பேசுடா!" டைலர் என் தோளைப் பிடித்து உலுக்கினார்.

மைக்கைக் கையில் எடுத்தேன். பழக்க தோஷத்தில், வாயால் ஊதினேன். கூம்பில் அது இடி மாதிரி விழுந்தது. மாடுகள் இன்னொரு தடவை எம்பின. வண்டி இன்னும் சாய்ந்தது. என்னால்தான், மறுபடியும் என்னால்தான் என்று பயந்தேன்.

அந்தப் பயத்திலிருந்து எப்படி வந்ததென்று தெரியவில்லை, ஒரு குரல் வந்தது. அது நான் மாடு மேய்த்த காலத்துக் குரல். இடி இடித்து மாடு கலைந்தால், கத்தாமல், அடித்தொண்டையில் இழுத்துக் கூப்பிடுவேன்.

"ஓ... ஓ... ஓவ்... தா... தா... ஓ... ஓவ்..."

திருகை இரண்டுக்குக் குறைத்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு, அதையே திரும்பத் திரும்பக் கூப்பிட்டேன். முதலில் என் குரல் மட்டும்தான் இருந்தது. பிறகு எங்கேயோ ஒரு கிழவர், "ஓ... ஓவ்..." என்றார். அப்புறம் இந்தப் பக்கம் இரண்டு பேர். கத்திக்கொண்டிருந்த ஆட்கள் கத்துவதை விட்டார்கள். வீசின கழிகளைத் தாழ்த்தினார்கள். சந்தை முழுக்க அந்த ஒரே இழுப்பு, தாழ்ந்த குரலில் எழுந்தது. என் குரல் மாடுகளை நிறுத்தியது என்று சொல்ல மாட்டேன். மனிதர்கள் கத்துவதை நிறுத்தினார்கள். அதனால் மாடுகள் நின்றன.

கண்ணைத் திறந்தபோது அந்த ஜோடி மாடு வாயில் நுரையோடு நின்றிருந்தது. அந்தப் பெண் வண்டிக்கடியில் தவழ்ந்து போய்த் தூளிக்குள் கையை விட்டாள். குழந்தையோடு வெளியே வந்தாள். குழந்தை வீறிட்டு அழுதது. அது அழுத பிறகுதான் எனக்கு உயிர் வந்தது. முழங்கையில் ஒரு சிராய்ப்பு, தலைமுடியெல்லாம் புழுதி. வேறொன்றும் இல்லை. சந்தையில் நாலைந்து பேருக்குக் காலில் அடி, அத்தோடு போனது.

குழந்தையின் அப்பா கையில் தார்க்கழியோடு கொட்டகைக்கு வந்தார். "எவன்டா அந்தச் சத்தத்த வெச்சது? வெளிய வாடா!"

நான் மேஜைக்குப் பின்னால் நின்றேன். டைலர்தான் முந்திக்கொண்டார். "அது ரேடியோ ஸ்டேஷன்லயே அப்படி வுட்டுட்டாங்க. இவரு இல்லன்னா இன்னிக்கி அவ்ளோதான். மைக்குல கூப்ட்டது இவருதான்."

குழந்தையின் அப்பா கழியைக் கீழே போட்டார். பின்னால் அந்தப் பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தாள். "கூப்ட்டது நீங்களாண்ணா? நீங்க நல்லா இருக்கணும்ண்ணா. உங்க கொரல் கேட்டுத்தான் மாடு நின்னுச்சி." குழந்தையின் கையைப் பிடித்து என் கையில் தொடவைத்தாள். திருகைத் திருப்பிய அதே கையில்.

இல்லம்மா, ஏற்றினதும் நான்தான் என்று சொல்ல வேண்டும். வார்த்தை நாக்குவரை வந்தது. அவள் புருஷன் போட்ட கழி என் காலடியில் கிடந்தது. ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

சாயங்காலமே அவர்கள் மாட்டை விற்காமல் வண்டியைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். நான் குத்தகைக்காரரிடம் மட்டும் உண்மையைச் சொல்லித் திட்டு வாங்கிக்கொண்டேன். டைலருக்கு வேறு கவலை. ஐந்து பேரும் இறங்கினார்களா இல்லையா என்று தெரிந்துகொள்ள டவுனெல்லாம் விசாரித்தார். விண்கலம் கடலில் விழுந்தது என்றார் ஒருவர். இன்னொருவர் இறங்கினார்கள், ஆனால் அது பூமி இல்லை என்றார். அந்தக் கோபத்தில் இன்றைக்கும் அவர் என்னைப் பார்த்தால், "முடிவக் கேக்க வுடாத பாவி" என்பார். அடுத்த வாரத்து நாடகத்தை அவர்கள் கேட்டபோது நான் கடையில் இல்லை. அதற்குப் பிறகு நான் அதைக் கேட்டதே இல்லை.

இப்போதெல்லாம் எங்கே செட் கட்டினாலும், முதலில் ஒலிபெருக்கிக்குக் கீழே யார் இருக்கிறார்கள் என்று பார்க்கிறேன். பக்கத்தில் போய், சத்தம் ஜாஸ்தி வரும், தள்ளி உட்காருங்கள் என்று வாயைத் திறந்து சொல்கிறேன். சொல்லும்போது இன்னமும் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

அந்தக் குழந்தை இப்போது ஐந்தாம் வகுப்பில் இருக்கும்; நான் நிறுத்திய வகுப்பில். நான் எழுதியிருக்கும் இதை எழுத்துக்கூட்டித் தன் அம்மாவுக்கு அது படித்துக் காட்டினால், அன்றைக்குத் தலையை ஆட்டி நான் வாங்கிக்கொண்ட நன்றியை அவள் திரும்ப எடுத்துக்கொள்ளட்டும்.